வெந்நீர் அலமாரியில் ஒரு பாட்டில்

என் மாமனாரைப் பொறுத்தவரை நான் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பொய்யில்லை. எதை இறக்குமதி செய்கிறோம் என்று அவர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் என் கணவரை அடித்துக்கொள்ள ஆக்லாந்தில் ஆள் கிடையாது.

நாங்கள் இறக்குமதி செய்வது பிரெஞ்சு ஒயின். அதிலும் பெரும்பகுதி ஒரே குடும்பத்துடையது. ஆற்றை ஒட்டிய சரிவில் திராட்சைத் தோட்டம். அப்பா, அம்மா, ஒரே மகன். பறிப்பதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை அவர்களேதான். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு அந்த அம்மாவின் கைவேலை. கறாரான ஒயின், முதலில் முகம் கொடுக்காது, சில வருடம் பொறுத்தால்தான் பேச ஆரம்பிக்கும். கப்பலில் வந்ததைச் சுவைத்துப் பார்த்து, கெடாமல் இருக்கிறதா என்று சொல்வது என் வேலை. வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் நாக்கு பொய் சொல்லத் தொடங்கும். கெட்டுப்போனதை எங்கள் தொழிலில் யாருமே விழுங்க மாட்டார்கள்.

ஒரு வருடம் மகன் அம்மாவை எதிர்த்துக்கொண்டு தன் இஷ்டப்படி ஒரு சிவப்பு ஒயின் செய்தான். கெடாமலிருக்க எல்லோரும் கொஞ்சம் கந்தகம் சேர்ப்பார்கள். அவன் சேர்க்கவில்லை. பழம் நன்றாக இருந்தால் கந்தகம் எதற்கு என்பது அவன் கட்சி. இந்த ஒயின் நிலைக்காது, கெட்டுப்போகும் என்பது அம்மாவின் கட்சி. சண்டை முற்றிப்போய், அவர் அதை நாக்கில்கூட வைக்கவில்லை. அந்த ஊரில் யாரும் வாங்காததால் ஏறக்குறைய அத்தனையும் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. விற்றுக்கொடுக்க அவனும் வந்தான்.

ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தான். வத்தக்குழம்புக்கும் தன் ஒயினுக்கும் பொருத்தம் பார்க்கிறேன் என்று கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டான். அந்த ஒயின் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாவல்பழம் தின்றபின் நாக்கில் நிற்குமே, அந்தத் துவர்ப்பு. அதற்குப் பின்னால் எதுவோ ஒன்று சிரித்தது. நல்ல ஒயின். அன்று நான் துப்பவில்லை. கிளம்பும்போது ஒரு பாட்டிலைக் கொடுத்தான்.

"சில வருடம் கழித்துத் திற. அம்மா சொன்னது தப்பு என்பதற்கு நீதான் சாட்சி."

அடுத்த வருடமே டிராக்டர் சரிவில் கவிழ்ந்து இறந்துபோனான். வீட்டில் மிச்சமிருந்த அவனுடைய ஒயின் முழுவதையும் அடக்கத்தன்று வந்தவர்களுக்கு ஊற்றிவிட்டார்கள். அங்கே அப்படித்தான் வழக்கமாம். அம்மாவால் மட்டும் அன்று கோப்பையைத் தூக்க முடியவில்லை.

போன வருடம் தோட்டத்தை விற்க முடிவு செய்தார்கள். அவன் அப்பா கொடிகளின் பக்கமே போவதில்லை, பார்த்துக்கொள்ளப் பிள்ளையும் இல்லை. அப்போதுதான் அந்த அம்மா என் முதலாளியைக் கூப்பிட்டு, மகனின் ஒயின் எங்கேயாவது ஒரு பாட்டில் இருக்குமா என்று கேட்டார். எங்கள் கிடங்கில் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது. என்னிடம் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. அனுப்பி வைக்கிறோம் என்றதற்கு அவர் ஒப்பவில்லை. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வழக்கு பாக்கி, நானே வந்து தீர்த்துக்கொள்கிறேன் என்றாராம். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு விமானம் ஏறினார்.

பாட்டிலை நான் கராஜில் தெற்குச் சுவரோரம் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். இந்த நாட்டில் தெற்குப் பக்கம்தான் வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்கும். பெட்டி ஒட்டியபடியே இருந்தது. திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரித்தேன். உள்ளே, எங்களோடு வந்து தங்கியிருந்த மாமனார் விட்டுப்போன கம்பளிச் சால்வை மட்டும்தான் இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அப்பா மழைக்காலத்துல கராஜ்லதானே வாக்கிங் போனார். கண்ணுல பட்டுடப் போகுதேன்னு எடுத்து மறைச்சேன். ஹாட் வாட்டர் கப்போர்ட்ல, துண்டுக்குப் பின்னாடி. அப்புறம் மறந்தே போச்சு."

இங்கே வீட்டுக்குள்ளேயே வெந்நீர்த் தொட்டிக்கென்று ஓர் அலமாரி உண்டு. துண்டும் விரிப்பும் அதில்தான் இருக்கும். எப்போது எடுத்தாலும் கதகதப்பாக இருக்கும். மாமனார் ஊர் திரும்பி அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. இரண்டு வருடமாக அந்த ஒயின் அங்கே வெந்துகொண்டிருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியை உடைத்துவிட்டுத் துண்டு போட்டு மூடியும் வைத்திருந்தார். என் கணவரை அந்த நிமிடம் வெறுத்தேன். பாதி வெறுப்பு இன்னும் போகவில்லை.

எடுத்தபோது தக்கை மேலே தள்ளியிருந்தது. கழுத்தில் ஒயின் வழிந்து காய்ந்திருந்தது. திறக்காமலே தெரிந்துவிட்டது. ஒளித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அந்த அம்மா எழுந்து வந்து கையை நீட்டினார். பாட்டிலை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"சூடாக இருக்கிறது" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திற என்று மட்டும் சொன்னார்.

பழுப்பேறிப் போயிருந்தது. காய்ச்சின வெல்லமும் புளித்த காடியும் கலந்த வாசனை. பழக்கதோஷத்தில் துப்புவதற்கு ஒரு கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்டிப் பார்த்தார்.

"கெட்டுப்போகும் என்று நான் அவனிடம் சொன்னேன். கெட்டுத்தான் போயிருக்கிறது."

அது சூட்டினால், அவனால் இல்லை, கந்தகம் போட்ட ஒயினும் அந்த அலமாரியில் பிழைத்திருக்காது என்று பதறிப்போய்ச் சொன்னேன். நாவல்பழத்தைச் சொன்னேன். அந்தப் பழம் அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த சிரிப்பைச் சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீரோடு வத்தக்குழம்பு சாப்பிட்டதையும், என்னைச் சாட்சி என்றதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார்.

"நீ நல்ல பெண். எப்படி இருந்திருந்தாலும் நீ இதைத்தான் சொல்லியிருப்பாய்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இருந்தாலும் அவரை நம்ப வைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. இருந்த ஒரே சாட்சியம் அவர் எதிரில் கோப்பையில் கிடந்தது, அது அம்மாவின் கட்சியைப் பேசியது.

மிச்சத்தை எடுத்துப்போய்க் கொட்டிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோப்பையை நிரப்பினார். விழுங்கினார். மறுபடி நிரப்பினார். பாட்டில் காலியாகும்வரை நானும் என் கணவரும் எதிரில் நின்றுகொண்டிருந்தோம்.