மனையியல் அறையில் ஒரு பிள்ளை

வெள்ளவத்தை மருந்துக்கடையில் இருமல் பாணி வாங்கப் போயிருந்தேன். முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு குழந்தை. பேபி கொலோன் வாசம். இந்த வயதிலும் அந்த வாசத்துக்கு எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு; நான் கொலோனுக்கு.

கொட்டாஞ்சேனைப் பள்ளியொன்றில் நான் புது ஆசிரியையாக இருந்தபோது, மனையியல் அறையில், தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே, கொலோன் மணக்கும் ஒரு தொட்டில் இருந்தது. பதினேழு வயது ரஜிதாவின் பிள்ளை. தகப்பனுக்குப் பதினெட்டு, புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை. இரண்டு வீட்டாரும் கைகழுவிவிட்டார்கள். உயர்தரப் பரீட்சை வரையாவது அவள் படிக்கட்டும் என்று, பள்ளித் தலைவியான அதிபர் அம்மா மேலிடத்துக்குச் சொல்லாமல் செய்த ஏற்பாடு. யாருக்குப் பாடமில்லையோ அவர் பிள்ளையைப் பார்க்கவேண்டும். தூக்கும் விதத்தை நான் புத்தகம் பார்த்துப் படித்தேன். புத்தகத்துப் பிள்ளை உதைக்கவில்லை.

ஒருநாள், பிள்ளை என் முறையில் இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அலுவலக அதிகாரி வந்து அறைக் கதவைத் திறந்தார்.

“இது ஆரின்ர பிள்ளை?”

உண்மையைச் சொன்னால் ரஜிதாவின் படிப்பு அன்றோடு சரி. பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “என்ர, சேர்.”

அவர் என் தாலியில்லாத கழுத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விறாந்தையில் ரஜிதா வந்தாள். பிள்ளை அவளைக் கண்டு இரண்டு கையையும் நீட்டி வீரிட்டது. அவள் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி, திரும்பிப் பாராமல் நடந்து போனாள்.

அதிகாரி அவள் முதுகையும் பிள்ளையின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். நான் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

“பிள்ளைக்குப் பசி போல, டீச்சர். பால் குடுங்கோ. நான் அங்கால நிக்கிறன்.”

வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு, போன வருட விளையாட்டுப்போட்டி அறிவித்தலைக் கால்மணி நேரம் வாசித்தார். பின்கதவால் ரஜிதா ஓடிவந்தாள். பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“நான் திரும்பிப் பாக்கேல்லத்தானே, டீச்சர்?”

“பாக்கேல்லையடி.”

போகும்போது அதிகாரி சொன்னார்: “உங்கட சுயவிவரக் கோவையில, பேருக்கு முன்னால செல்வி எண்டு கிடக்கு. திருத்துங்கோ.”

நான் பஸ்ஸில் வீடு சேருமுன், எனக்குப் பிள்ளையாம் என்ற செய்தி எங்கள் வெள்ளவத்தைக்குப் போய்விட்டது. பேசிவைத்த சம்பந்தம் ஒன்று அந்த வாரமே கழன்றது. ரஜிதா பரீட்சை எழுதினாள், தேறினாள்.

அதிபர் அம்மா ஓய்வுபெற்றதும் தொட்டில் போயிற்று. அந்த அறையில் இப்போது கணினிகளாம். ரஜிதாவைப் போல இப்போதும் யாரும் உண்டா என்று அங்கே படிப்பிக்கும் ஒருத்தியிடம் அண்மையில் விசாரித்தேன்.

“ஐயோ அக்கா, எங்கட ஸ்கூல்ல அப்பிடிப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லை” என்றாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவளாக, “ரெண்டு பேர் போன தவணை நடுவில படிப்பை நிப்பாட்டிட்டினம். ஏனெண்டு ஆரும் கேக்கேல்ல” என்றாள்.