கால் இல்லாத போன்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தால், இரண்டாவது வரியிலேயே "வாயால சொல்லித் தொலையேன்" என்று காகிதத்தைத் திருப்பி மடியில் போட்டுவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்தாயிற்று; இனி படிக்கப்போவதும் இல்லை, திட்டப்போவதும் இல்லை. அதனால் நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது.

வீட்டில் அவளுக்கு அவசரம் என்று பெயர். அண்ணியின் அழகு நிலையத்தில் மூன்று நாற்காலிகள். ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. கையில் கத்தரி இருக்கும்வரை அவள் தேவதை. கத்தரியைக் கீழே வைத்த நொடியில் சீப்பைத் தேடுவாள், சீப்பைத் தேடும்போது சாவி கிடைக்கும், சாவியைப் பார்த்ததும் எதையோ பூட்ட ஓடுவாள். சீப்பு அவள் கொண்டையிலேயே இருக்கும்.

எழுத்துகளோ அவளைக் கண்டாலே இடம் மாறி உட்கார்ந்தன. அதிலும் கொம்பும் காலும் அவளுக்கென்றே செய்த சதி. "பின்னாடி வர்ற சத்தத்தை முன்னாடி எழுதச் சொல்றவனுக்கு என்னைவிடப் பெரிய வியாதி இருக்கு" என்பாள். முப்பத்து நாலாவது வயதில் ஒரு ஆலோசகர் அவளை நாள் முழுக்கச் சோதித்துவிட்டு இரண்டு பெயர்கள் சொன்னார். எழுத்து குழம்புவதற்கு டிஸ்லெக்சியா, கவனம் ஓடுவதற்கு ஏ.டி.எச்.டி.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா மேடம்?" என்று கேட்டாள்.

தொழிலின் பாதியை அவள் போனில் வரும் குட்டி வீடியோக்களில்தான் கற்றாள். புத்தகங்கள் அவளை முட்டாளாக்கின. முப்பது நொடி வீடியோ ஒரு கையையும் ஒரு கத்தரியையும் காட்டிவிட்டு நகர்ந்தது. அது நகர்ந்த பிறகு அடுத்தது வரும் என்பதுதான் சிக்கல்.

அப்படித்தான் பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் மாட்டினார். சாம்பல் நிறச் சாயம், பத்து நிமிடத்தில் கழுவ வேண்டியது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பின்னல் பார்க்கலாமென்று போனை எடுத்தாள். பின்னலுக்குப் பின் சோப்பைச் சீவுகிறவன் வந்தான், அவனுக்குப் பின் கம்பளம் கழுவுகிறவன், பிறகு மொட்டைமாடியில் ஏறி இறங்கத் தெரியாமல் நிற்கும் ஆடு. ஆடு இறங்கும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. டாக்டரின் தலை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"பல்லு பிடுங்க வர்ற குழந்தைங்க என்னைப் பாத்து சிரிக்குதுங்க. அது ஒண்ணுதான் இதுல லாபம்" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை.

அண்ணியும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை டாக்டர் வர்றாங்க. நீதான் சரி பண்ணணும். இன்னொரு தடவை கோட்டை விட்ட, அந்த நாற்காலியில வேற ஆளு. நாத்தனாராச்சேன்னு பாக்க மாட்டேன்."

"போனை விட்டுடறேன் அண்ணி."

"விட்டுட்டு? புது வெட்டு எங்க கத்துப்ப? லைப்ரரியிலயா?"

இரண்டு நாள் யோசித்தாள். அவளைப் பொறுத்தவரை அது உலக சாதனை. கடைசியில் ஒரு வழி செய்தாள். வேலை நேரத்தில் போன், துண்டுகள் வைக்கும் பெட்டிக்குள். எடுப்பதென்றால், எதைப் பார்க்கப் போகிறாள் என்று கடை முழுக்கக் கேட்க அறிவிக்க வேண்டும்: "நெத்தி முடி வெட்டு, ஒண்ணே ஒண்ணு!" பார்த்ததும் போன் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். யாருடைய தலையிலாவது சாயம் இருந்தால் அறிவிப்பும் கிடையாது, போனும் கிடையாது. கழுத்தில் சமையலறை டைமர் ஒன்றைத் தாலி மாதிரி கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, உறுதிமொழியைத் தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதித் தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவில் மாட்டினாள். அதன் முன் நின்று ஒரு வீடியோவும் எடுத்தாள். பலகையைத் தட்டிக் காட்டி, "இன்னையிலேருந்து எங்க கடையில இது கிடையாது. சத்தியம்!" என்றாள். அதை இணையத்தில் போட்டுவிட்டுப் போனைப் பெட்டிக்குள் வைத்தாள்.

டாக்டர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். பழைய சாயத்தை இறக்கிப் புதியதைப் பூசி டைமரைத் திருகினாள். எட்டு நிமிடம். அப்போதுதான் பெட்டிக்குள் போன் உறுமத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு விடாமல். பெட்டியே மேசையில் நகர்ந்தது.

"யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு போல" என்றாள் அவசரம்.

"கடை போன் சும்மாதானே இருக்கு? அவசரம்னா அதுல கூப்பிடுவாங்க" என்றாள் அண்ணி, குறியாக அவள் கையையே பார்த்தபடி.

அவள் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். ஒரு காலில் நின்றாள், மறு காலுக்கு மாறினாள். டாக்டரின் தலையில் ஒரு முடிக்கற்றையை எடுத்து அதன் நிறத்தையே முறைத்தாள். நாலாவது நிமிடத்தில் நெற்றி வியர்த்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர், தொழில் பழக்கத்தில்.

"பல்லு பிடுங்கினாக்கூடப் பரவாயில்ல டாக்டர்."

டைமர் அலறியது. கழுவினாள், துவட்டினாள், காயவைத்தாள். கண்ணாடியில் அழகான சாம்பல் நிறம். டாக்டர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணி ஜன்னலோரத்து நாற்காலியை ஒரு துணியால் துடைத்தாள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கடையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

"என்ன இவ்வளவு உறுமல்னு பாக்கப் போறேன், ஒரு தடவை!" என்று முறைப்படி அறிவித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். படிப்பதற்குப் பதில் வாசித்துக் காட்டும் குரலைத்தான் அவள் வைத்திருந்தாள். செய்தி வாசிப்பவர் தோரணையில் போன் முழங்கியது: "அப்போ நேத்து வரைக்கும் இருந்துச்சா? இருபத்து மூன்று சிரிப்பு முகங்கள். இவ்வளவு நேர்மையான பார்லரைப் பாத்ததே இல்ல. நாளைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு வரேன்."

அண்ணி கதவுக்கு ஓடினாள். போன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அடிப்பாவி! வேலை நேரத்தில் பேன் கிடையாதுன்னு எழுதியிருக்கடீ!"

டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பற்கள் வரை தெரிந்தன. ஒன்றில் அடைப்பு இருந்தது. சிரித்து முடித்து, மேசையிலிருந்த புருவப் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒரு துணைக்கால்தானே? நான் போட்டுடறேன்."

அவசரம் கதவுக்குக் குறுக்கே நின்றாள். போனைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வந்து நின்றிருந்தாள்.

"வேணாம் டாக்டர். கால் இல்லாமலே ஒரு காலையில இவ்வளவு தூரம் ஓடியிருக்கு. காலும் வெச்சா யாரு புடிக்கிறது?"

பலகை இன்றும் அதே கதவில்தான் தொங்குகிறது. அந்தக் காலை எழுத அண்ணி யாரையும் விடுவதில்லை.