ரேச்சலின் இடக்கைக் கிற்றார்

கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில் "மிட்வைஃப் ரேச்சலின்ரை வீடு எது?" என்று கேட்டால் சின்னப்பிள்ளை கூடக் கைகாட்டும். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களைப் பார்ப்பதும், பிறந்த பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பதும், சாப்பிடாமல் அடம்பிடிக்கும் இளம் தாய்மாரை ஏசிச் சாப்பிட வைப்பதும் அவள் வேலை. வெயிலில் கறுத்த முகம், பக்கத்து வளவுக்கும் கேட்கிற சிரிப்பு.

ஆனால் அவளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு ரேச்சல் என்றதும் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. ஆவணி விடுமுறையில் மணற்காட்டுக் கடற்கரையில் கூடாரம் அடித்து, காய்ந்த சவுக்கங்கொப்புகளைக் கூட்டி நெருப்பு மூட்டி, அதற்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து அவள் கிற்றார் வாசிப்பாள். சுற்றியிருப்பவர்கள் பாடுவார்கள்.

அவள் பெரிய வாத்தியக்காரி இல்லை. தொண்ணூறுகளில் போரால் பாதை பூட்டி, யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரமே வராமல் இருந்த காலத்தில், சேர்ச் அலுமாரிக்குள் கிடந்த ஒரு பழைய கிற்றாரை எடுத்துத் தானாகவே தட்டிப் பழகினாள். அதில் நாலு கம்பிதான் இருந்தது. ஐந்தாவதுக்குச் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையை உரித்துக் கட்டினாள். அது விரலைக் கிழித்தது. "உதை விட்டிட்டுப் படியடி" என்று தாய் கத்தினாள். ரேச்சல் படிக்கவும் செய்தாள், கிற்றாரை விடவும் இல்லை. பிறகு உழைக்கத் தொடங்கியதும் சொந்தமாக ஒன்று வாங்கினாள். கம்பிகளில் இடக்கை விரல் வைக்கிற பிடிகள் ஆறேழுதான் அவளுக்குத் தெரியும். மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை. நெருப்பைச் சுற்றி இருக்கும்போது மட்டும் அவளுடைய அந்த ஆறேழு பிடிகள் எல்லோருக்கும் போதுமாக இருந்தன. பாட்டுத் தெரியாதவன்கூட அவள் தட்டத் தொடங்கினால் வாயைத் திறந்துவிடுவான்.

போர் முடிந்து கடற்கரைகள் திறபட்ட பிறகு இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவர்கள் அவளுடைய பள்ளித் தோழி ஹன்னாவும் ஹன்னாவின் கணவன் சிமியோனும். இரண்டு வான் வண்டி நிறைய ஆட்கள், பிள்ளைகள், பானைகள். ரேச்சலின் கணவன் சுபாஸ்கரனும் வருவான். அளவெட்டிச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, கணக்கு வாத்தியார். இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்து, பிறகு தாங்களாகவே இறங்கிவந்த கலியாணம் அது. சுபாஸ்கரனுக்குப் பாட்டு வராது. நண்டும் மீனும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவதுதான் அவனுடைய பங்கு. ஆனால் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. "ரேச்சல், மூண்டாவது கம்பி அழுகுது" என்று அகப்பையோடு நின்று சொல்வான். அவள் திருகிப் பார்ப்பாள். உண்மையாகவே சுருதி இறங்கியிருக்கும்.

ஒரு தை மாதம், சுபாஸ்கரன் வீட்டாரின் அளவெட்டித் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. இயந்திரத்தின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழைச்சருகு சிக்கி அடித்துக்கொண்டிருந்தது. ரேச்சல் இடக்கையை நீட்டி அதை இழுத்தாள். பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய தகட்டைச் சுபாஸ்கரன் முதல்நாள் கழற்றித் திருத்திவிட்டு, பிறகு பூட்டலாம் என்று விட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவளுடைய நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போயின.

ரேச்சல் டொக்டரிடம் கேட்டது ஸ்கூட்டி ஓடலாமா என்பது ஒன்றைத்தான். கொஞ்ச நாளில் ஓடவும் தொடங்கினாள். தாய்மார் அவள் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "பிள்ளை தூக்க இது காணும்" என்று சொல்லித் தராசை எடுப்பாள். வீட்டில் கிற்றார் அலுமாரிக்கு மேல் ஏறியது. அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சுபாஸ்கரனுக்கும் அந்தப் பேச்சை எடுக்கத் துணிவில்லை.

ஆவணி வந்தது. ஹன்னா நேரே வீட்டுக்கு வந்து நின்றாள்.

"நான் வரேல்லை ஹன்னா. கிளினிக் கிடக்கு."

"எடி, நீ கிற்றார் வாசிக்கிறாய் எண்டே உன்னைக் கூப்பிடுறம்?"

"வேறை என்னத்துக்கு?"

சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த கசப்பு ரேச்சலுக்கே கேட்டது. ஹன்னா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் போய், அடுத்தநாள் மத்தியானத்துக்கு முதலே திரும்பிவிட்டார்கள். சிமியோன்தான் வழியில் கண்டு சொன்னான்: "நெருப்பைச் சுத்தி இருந்து ஆளாளுக்கு ஃபோனைப் பாத்தம் அக்கா. ஒரு சுகமும் இல்லை."

பிறகு ஒரு சனிக்கிழமை ரேச்சல் வேலை முடிந்து வந்தபோது, சுபாஸ்கரன் விறாந்தை நிலத்தில் இருந்தான். மடியில் கிற்றார். கம்பி முழுவதும் கழன்று சுருண்டு கிடந்தது. கையில் குறடு.

"ஆரைக் கேட்டு உதிலை கை வைச்சனீங்கள்?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கம்பியளைத் தலைமாறிப் பூட்டுறன். நீர் வலக்கையாலை பிடியும், இடக்கையாலை தட்டும். வலக்கை விரல் அஞ்சும் கிடக்குத்தானே. கண்ணாடியிலை பாக்கிற மாதிரி. கணக்கு ஒண்டுதான்."

"எனக்கு நாப்பத்திமூண்டு வயசு. இனிமேல் கண்ணாடியிலை பாத்துப் பழகுறதோ?"

அவள் உள்ளே போகத் திரும்பினாள். அப்போது அவன் முறுக்கிக்கொண்டிருந்த தடித்த கம்பி, மெல்லிய கம்பிக்கென்று வெட்டிய காடியில் இருக்க மாட்டாமல் துள்ளிப் பாய்ந்து அவன் கன்னத்தில் பளாரென்று அடித்தது. கணக்கு வாத்தியார் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கிற்றாரைப் பார்த்த பார்வை, எதிர்த்துக் கதைத்த மாணவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. ரேச்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த வளவில் அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை. பிறகு உள்ளே போய் அரம் ஒன்றை எடுத்து வந்து அவனுக்கு எதிரே சம்மணம் கட்டினாள். "காடியை அராவ வேணும். விடுங்கோ, உங்களுக்கு வராது."

பழகுவது லேசாக இருக்கவில்லை. வலக்கை முப்பது வருடமாகத் தட்டி மட்டுமே பழகிய கை. அதற்குக் கம்பி எது, இடைவெளி எது என்று தெரியவில்லை. இடக்கையோ பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பிடித்துக்கொண்டு தாளம் தப்பி ஓடியது. மழைக்காலம் முழுக்க ஒரேயொரு பிடியோடு போனது. ஒருநாள் இரண்டாவது பிடி விழாமல் போக, அவள் கிற்றாரைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதாள்.

சுபாஸ்கரன் பக்கத்தில் வந்து இருந்தான். "அண்டைக்கு நான் அந்தத் தகட்டைப் பூட்டியிருந்தா..."

"அதைக் கதைச்சா விரல் முளைக்குமே?" அவள் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு உங்களிலை கோவம் இல்லையப்பா. இருந்திருந்தா நீங்கள் இந்தளவுக்குத் தப்பியிருக்க மாட்டியள். எந்தக் கம்பி அழுகுதெண்டு சொல்லுங்கோ."

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். "எல்லாம்தான் அழுகுது" என்றான்.

அடுத்த ஆவணியில் ரேச்சல் மணற்காட்டுக்குப் போனாள். கிற்றார் வானிலேயே கிடந்தது. யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கக்கூடாது என்று ஹன்னா பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள். பொழுது சாய்ந்து, நெருப்புப் பிடித்து, கூழ் கொதித்தது. கடல் காற்று சவுக்கங்காட்டுக்குள் இரைந்தது. ஒருவரும் பாடவில்லை. சிமியோன் ஃபோனை எடுக்கப் பொக்கற்றுக்குள் கைவிட்டதைக் கண்டதும் ரேச்சல் எழும்பி வானுக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்து இருந்த விதத்தைப் பார்த்து ஹன்னாவின் சின்ன மகள் கத்தினாள்: "மாமி, மாறிப் பிடிச்சிருக்கிறியள்!"

"ஓம் குஞ்சு. இனி இப்பிடித்தான்."

அவர்கள் எப்போதும் முதலில் பாடுகிற பாட்டையே தொடங்கினாள். முதல் பிடி நன்றாக விழுந்தது. எல்லோரும் பாடினார்கள். பிடி மாற்ற வேண்டிய இடம் வந்தது. ரேச்சலின் வலக்கை விரல்கள் இருட்டில் படி தேடுகிற கால்போல் கம்பிகளில் தடவின. பாட்டு தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாள். பாட்டு போகவில்லை. ஹன்னா அந்த வரியின் கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள். சிமியோனும் இழுத்தான். பிறகு எல்லோரும் இழுத்தார்கள். அவள் விரல்கள் போய்ச் சேரும்வரைக்கும் அந்த எழுத்து கடற்கரையில் நின்றது. சேர்ந்ததும் அடுத்த வரி தொடங்கியது.

அடுத்த வரியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் சிமியோன் மூச்சு முட்டி இருமினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு யார் கூடநேரம் மூச்சுப் பிடிப்பது என்று அவர்களுக்குள் போட்டியாகிவிட்டது. அந்த ஒரு பாட்டு முடிவதற்குள் கூழ் ஆறிவிட்டது. கடைசி வரியில் ரேச்சலின் விரல் தடுமாறியபோது, ஒருநாளும் பாடாத சுபாஸ்கரனும் அகப்பையோடு சேர்ந்து இழுத்தான், சுருதியே இல்லாமல், பெருங்குரலில்.

"இஞ்சருங்கோ" என்றாள் ரேச்சல், தலையைத் தூக்காமல். "நீங்கள் வாயை மூடினா நான் கெதியாய்ப் பிடிப்பன்."

ஹன்னா சிரிக்கத் தொடங்கியது அழுகையில் முடிந்தது. ரேச்சலும் அழுதாள். ஆனால் கையை எடுக்கவில்லை. "அடுத்தது என்ன பாடுவம்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

இப்போது அவளிடம் ஐந்து பிடிகள் இருக்கின்றன. யாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். தட்டும்போது இடக்கையின் அந்த இரண்டு குறைவிரல்களும் பலகையில் பட்டு மெதுவாக ஒரு 'தும்' சத்தம் வரும். முதலில் அதை மறைக்கப் பார்த்தாள். அளவெட்டியிலிருந்து வந்த சுபாஸ்கரனின் சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "தவில் பக்கத்திலை இருக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார். அதன்பிறகு மறைப்பதில்லை.

இந்த வருடம் ஓர் இரவு காணாது, இரண்டு இரவு தங்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ரேச்சல் ஆனியிலேயே லீவு கேட்டுவிட்டாள். ஆவணியில் பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் தன் தாய்மார் ஒவ்வொருவரிடமும், "அந்த ரெண்டு நாளும் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் பிள்ளை" என்று வயிற்றைத் தடவிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.