காது தேர்ந்தெடுத்த ஹெட்போன்

கடைக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் செய்த முதல் காரியம், சுவரில் அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னதுதான்.

"தம்பி, அதைக் கொஞ்சம் அணைங்க. இதுக்கு நடுவுல நான் எதைக் கேட்டு எதை வாங்குறது?"

கடைக்காரர் ஒரு முறை முறைத்தார். பிறகு அணைத்தார். திங்கட்கிழமை காலை பதினொரு மணி. கடையில் வேறு ஆள் இல்லை.

வந்தவருக்கு வயது நாற்பத்தெட்டு. தொழில் மிக்சிங். குரல் தனியாக, டிரம்ஸ் தனியாக, கிதார் தனியாகப் பதிவாகி வரும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே பாட்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஸ்டுடியோவின் பின்னறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதினான்கு வருடம் செய்தார். பாடகர் உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளும் சத்தத்தைக்கூடப் பிடித்துவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு வைத்த பெயர் காது. நாளடைவில் சொந்தப் பெயரை அவர் மனைவியும் வங்கியும் மட்டும்தான் பயன்படுத்தினார்கள்.

போன வருடம் ஸ்டுடியோ இருந்த கட்டடம் கைமாறியது. முதலாளி வயதைக் காரணம் காட்டி ஒதுங்கிவிட்டார். காது வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் ஆறாவது மாடியில் இரண்டு அறை. மனைவி மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். காலை ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுவார். அந்த ஆறு மணி நேரம்தான் காது வேலை செய்ய முடிகிற நேரம். அப்போது ஸ்பீக்கர் போட்டால் குடும்பம் நடக்காது; ராத்திரியில் போட்டால் அக்கம்பக்கம் விடாது. அதனால் ஹெட்போன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குழந்தைகளுக்கான பாட்டுத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் அவருக்கு ஒரே ஒரு பாட்டை மாதிரிக்கு அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மிக்ஸ் செய்து தர வேண்டும். பிடித்துப்போனால் இன்னும் இருபத்து மூன்று பாட்டு. ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. பிடிக்காவிட்டால் ஒன்றாம் தேதி முதல் மச்சினன் மேனேஜராக இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை. மச்சினன் நல்லவன். அவன் நல்லவனாக இருப்பதுதான் காதுக்குத் தாங்க முடியவில்லை.

மேசையில் ஐந்து ஹெட்போன்கள் கொக்கிகளில் தொங்கின. வயர் இல்லாததை அவர் தொடவே இல்லை. "விரல் நொடிச்சு ஒரு கணம் கழிச்சுத்தான் சத்தம் வரும். அதை வெச்சு டிரம்ஸ் எப்படிச் சேர்க்கிறது?" பின்பக்கம் வலை போட்ட திறந்த வகையைக் கையில் எடுத்து, ஆசையாகப் பார்த்து, திரும்ப மாட்டினார். அதில் கேட்பது பாதி அறைக்கும் கேட்கும். மனைவி தலையணையை எறிவார். மிச்சம் மூன்று.

"எப்படிங்க கேட்டுப் பாக்கப் போறீங்க? எங்ககிட்ட டெமோ பாட்டு இருக்கு" என்றார் கடைக்காரர்.

"உங்க டெமோ பாட்டை யாரு மிக்ஸ் பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட என் பாட்டு இருக்கு."

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் மிக்ஸ் செய்த பாட்டு. பெண் குரல், கீழ்ச்சத்தம் தரும் ஒரு பேஸ் கிதார், மெல்லிய டிரம்ஸ். வாழ்க்கையில் ஒரு வேலையை முழுதாகச் சரியாகச் செய்தேன் என்றால் அதுதான் என்பது அவர் நம்பிக்கை. முடித்த அன்றே தன் மேசையிலிருந்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். அதன் ஒவ்வொரு நொடியும் அவருக்கு அத்துப்படி. அளவுகோல் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் ஹெட்போனில் பேஸ் கிதார் நெஞ்சில் குத்தியது. பத்து நொடியில் கழற்றினார். இரண்டாவதில் குரல் அழகாகத்தான் வந்தது. ஆனால் அடியில் ஒரு மந்தம், குடத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல. மூன்றாவதை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அன்றைக்குக் கேட்டது அப்படியே.

"இதுதான்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, மிக்சிங் பண்றவங்க எல்லாரும் அந்த ரெண்டாவதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. விலையும் கம்மி. நீங்க எடுத்ததுல அடிச் சத்தம் கொஞ்சம் ஒல்லியா இருக்குன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"வாங்கினவங்கதான்."

"வாங்கினவங்களுக்குக் காது இருக்கான்னு கேட்டீங்களா?"

"எனக்கென்ன அண்ணே, விலை கூடினதை வித்தா எனக்குத்தான் லாபம்." பில் போடும்போது கடைக்காரர் ஒரு அட்டையைச் சுட்டினார். காதுத் திண்டு தோலில் படும் பொருள்; பெட்டி பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம். காது சிரித்தார். திரும்பக் கொடுப்பதற்கா வாங்குகிறோம்?

நான்கு நாளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார். பாட்டு ஒரு தவளையைப் பற்றியது. பாடிய பெண் நன்றாகப் பாடியிருந்தார். காது அவருடைய மூச்சுகளைச் சீராக்கினார், 'ச' வரும் இடங்களில் சீறலைக் குறைத்தார், டிரம்ஸை ஒரு அடி பின்னே தள்ளினார். பேஸ் கிதார் மட்டும் நோஞ்சானாகத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் சதை போட்டார். வியாழன் மதியம் எழுந்துவந்த மனைவி, காப்பிக் கோப்பையோடு பின்னால் நின்று பார்த்தார்.

"என்னங்க, தலையை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. நல்லா வந்திருக்கோ?"

"வந்திருக்கு."

"அப்போ தம்பிக்கு என்ன பதில் சொல்லட்டும்? நேத்தும் கேட்டான்."

"திங்கட்கிழமை சொல்றேன்னு சொல்லு. இப்பவே போய் அவன் பெட்டியை எண்ணி என்ன ஆகப்போகுது?"

வெள்ளிக்கிழமை பாட்டை அனுப்பினார். திங்கட்கிழமை பாட்டுத் தொகுப்பின் தயாரிப்பாளர் அழைத்தார். வேகமாகப் பேசும் பெண்மணி. பின்னணியில் எப்போதும் யாராவது அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"சார், குரல் பிரமாதம். அதுல பேச்சே இல்ல. ஆனா கார்ல போட்டா கண்ணாடி அதிருது சார். ஆபீஸ் ஸ்பீக்கர்ல லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு. தவளைப் பாட்டு சார் இது!"

"உங்க காரை ஒரு தடவை செக் பண்ணிடுங்க மேடம்."

"மூணு கார்ல கேட்டாச்சு. நாளைக்கு நாலு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள சரி பண்ணி அனுப்புங்க. இன்னொருத்தரோட மாதிரியும் வந்திருக்கு. எனக்கு உங்க குரல் வேலைதான் பிடிச்சிருக்கு, அதனாலதான் சொல்றேன்."

காது ஹெட்போனை மாட்டிக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் டிவியோடு இணைத்திருந்த ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. ஸ்பீக்கர் சரியில்லை என்பதை நிரூபிக்கத் தன் பழைய பாட்டைப் போட்டார். அலமாரி மறுபடியும் நடுங்கியது. "பாத்தீங்களா, உங்க ஸ்பீக்கர்தான் கோளாறு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர், "இப்பத்தான் வாங்கினோம்" என்று இழுத்தார். மாலையில் மச்சினன் வந்தபோது அவன் காரிலும் போட்டுப் பார்த்தார். இரண்டு பாட்டும் ஒரே மாதிரி உறுமின.

"செம பேஸ் மாமா!" என்றான் மச்சினன் உற்சாகமாக. காது காரிலிருந்து இறங்கினார்.

மறுநாள் காலை பழைய முதலாளிக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம பின்ரூம் ஹெட்போன்ல கீழ்ச்சத்தம் வராதுப்பா" என்றார் முதலாளி. "நீ வர்றதுக்கு முன்னாடி வயர் மாத்தின நாள்லேருந்தே அப்படித்தான். உனக்குக் கம்மியா கேக்கும், நீ ஏத்திடுவ."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான் ஒவ்வொரு பாட்டையும் முன்ரூம் ஸ்பீக்கர்ல போட்டு, அடியில ஆறு டெசிபல் வெட்டி அனுப்புவேன்."

"என் பாட்டு… அந்தப் பொண்ணு பாடினது?"

"எல்லாமேதான்."

"பதினாலு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலையே சார்."

"சொன்னா நீ ஒவ்வொரு பாட்டுலயும் உன்னையே சந்தேகப்படுவ. வாரத்துக்கு நாலு பாட்டு தள்ளணுமே? குரல் வேலையில உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. வெட்டுறது அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குப் போய்ப் புது ஹெட்போன் வாங்கணுமா?" முதலாளி இருமினார். "ஆறு வெட்டு. யோசிக்காத. வெட்டிட்டு அனுப்பிடு."

போனை வைத்ததும் காதுக்கு ஞாபகம் வந்தது ஒரு பேருந்துப் பயணம். அந்தப் பாட்டு பேருந்தில் ஒலித்தபோது, அடியில் வலுவே இல்லையே என்று டிரைவரிடம் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரை மாத்துங்க என்றுகூட. டிரைவர், "உக்காருங்க சார்" என்றார். அன்றைக்கு அவர் கேட்டது முதலாளி வெட்டிய பாட்டை; தன்னிடம் வைத்திருந்ததோ வெட்டாத பிரதி. எத்தனை கடைகளில், எத்தனை வீடுகளில் இப்படி உதட்டைப் பிதுக்கியிருப்பார்! சரியாக ஒலித்த ஒவ்வொன்றையும் குறை சொல்லியிருக்கிறார். கடைசியில், பின்ரூம் ஹெட்போனின் அதே குறை எதில் இருக்கிறது என்று தேடிப்போய்க் கூடுதல் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

மணி ஒன்று. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். இனி செய்ய வேண்டியது சுலபம். ஒரு எண்ணைத் தட்டினால் போதும். ஆறு வெட்டினார். கேட்டார். தகர டப்பாவில் பட்டாணி உருட்டுவதுபோல் இருந்தது. தவளைப் பாட்டில் தவளையே இல்லை. இது சரி, இதுதான் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்து ஐந்தாக்கினார். ஒரு சொட்டு உயிர் வந்தது. நான்கு. முதலாளிக்கு வயதாகிவிட்டது, அவருக்கே எவ்வளவு கேட்கிறதோ. மூன்று. பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கதவைத் தட்டி ஸ்பீக்கரில் ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கலாம். நேற்று அவர்களிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டவில்லை. இரண்டில் நிறுத்தியபோது பாட்டு மறுபடியும் பாட்டாக இருந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்.

தெரிந்துதான் செய்தார். ஆறு என்று தெரியும்; ஆனால் தெரிந்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை நம்பி ஒரு வேலையும் அவர் இதுவரை அனுப்பியதில்லை.

ஐந்தரைக்குத் தயாரிப்பாளர் அழைத்தார். இந்த முறை பின்னணியில் யாரும் கூப்பிடவில்லை. தனி அறைக்குப் போய்ப் பேசினார் போலிருக்கிறது.

"முன்னைக்கு இப்போ பரவாயில்ல சார். ஆனா இன்னும் அதிருது. அந்த இன்னொருத்தரோடது அப்படியே போட்டாலே சரியா வந்துடுது. இருபத்து மூணு பாட்டையும் நான் உக்காந்து வெட்டிக்கிட்டிருக்க முடியாது பாருங்க."

"சரிங்க மேடம்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லங்க. சரியாத்தான் சொல்றீங்க."

மனைவி அன்றைக்கு வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"போடுங்க, நானும் கேக்கறேன். இத்தனை நாள் என் தூக்கத்துக்குப் பக்கத்துல என்னதான் பண்ணீங்கன்னு பாப்போம்."

காது முதலில் செய்த மிக்ஸைப் போட்டார், ஒன்றும் வெட்டாததை. மனைவி இரண்டு நிமிடம் அசையாமல் கேட்டார். பிறகு ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்:

"எவ்வளவு நல்லா இருக்கு! இதையா வேண்டாம்னாங்க? அவங்களுக்கு ஒன்னும் தெரியல!"

காது அவரைப் பார்த்தார். ஆறு டெசிபலைப் பற்றி, முதலாளியைப் பற்றி, பதினான்கு வருடத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமா" என்றார். "ஒன்னும் தெரியல."

மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு மச்சினனுக்குப் போன் செய்தார். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். குரலில் அப்படியொரு சந்தோஷம். ரெண்டு போட்டோ கொண்டு வாங்க மாமா, ஷிப்ட் ஆறு மணிக்கு, உள்ள குளிரும், மப்ளர் கட்டிக்கணும் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"உள்ள மெஷின் சத்தம் ஜாஸ்தி மாமா, நாங்க எல்லாம் பஞ்சு வெச்சுக்குவோம். உங்களுக்கும் ஒரு பாக்கெட் எடுத்து வைக்கிறேன்."

"வை" என்றார் காது.