லயத்துக்கு ஆள் கூட்டிப் போன காலம்

அடுத்தவர் வாழும் இடத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைப்பது எங்கள் குடும்பத் தொழிலாக இருந்தது. அந்தத் தொழிலை நினைத்தால் முகங்களுக்கு முன்பாக எனக்கு ஒரு சத்தம்தான் வரும். எங்கள் வேன் கதவை இழுத்துத் திறந்ததும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டு, தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டக், டக், டக். கல்லூரியில் யாப்பு படித்தவள் நான். அவ்வளவு சுத்தமான சந்தத்தை அதற்குப் பிறகு கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். என் கணவர் கோலாலம்பூரில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டியாக இருந்தவர். பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, மலைமேல் குரங்குக்குக் கடலை போடவைத்து, படம் எடுத்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு போவது அவருக்குச் சலித்துவிட்டது. பழைய வேன் ஒன்றை வாங்கினார். ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது, சாப்பாடு அந்த இடத்து ஆட்கள் சமைத்ததாக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். அவர் வேன் ஓட்டுவார், நான் பேசுவேன். இப்போது இதற்கெல்லாம் பொறுப்புள்ள பயணம், சமூகச் சுற்றுலா என்று அழகான பெயர்கள் வந்துவிட்டன. வீட்டுக்காரரின் நல்லெண்ணத்துக்கு ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்ன பெண்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கிராணி வீட்டு வேன்

நாங்கள் முதலில் போனது ஈஜோக்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். என் மாமனார் அங்கே கிராணியாக இருந்து கணக்கெழுதியவர். தெரிந்த இடம், வரவேற்பு இருக்கும் என்று என் கணவர் நம்பினார். அங்கேதான் அந்தத் தாழ்ப்பாள் சத்தம். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறினால் வீடும் போகும். அந்த நேரத்தில் நாங்கள் நான்கு வெள்ளைக்காரர்களோடு போய் இறங்கினால் யார் கதவைத் திறந்து வைப்பார்கள்?

வெளியே நின்றது ஒருத்திதான். பவுனம்மாள். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ந்துவிட்ட பசுவைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவரால் உள்ளே ஓட முடியவில்லை. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுகிறவர், கணவர் இல்லை. லயத்துக்குப் பின்னால் நாலு பசு வைத்துப் பால் ஊற்றித்தான் மகனைப் படிக்கவைத்து ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியிருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் பசுவிடம் சொன்னார்: "கிராணி மகன் வெறுங்கையோட வர்றான்னா, போறப்ப எதையோ தூக்கிட்டுப் போவான்னு அர்த்தம்டி லச்சுமி."

தொலைபேசி

நாங்கள் வெளியே போனால் வீட்டில் தொலைபேசியை எடுப்பது என் மாமியார். ஓட்டல்களிலிருந்து ஆள் பேசினால், எந்த ஊர், அப்பா என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, ஆகியிருந்தால் ஏன் தனியாக வருகிறாய் என்று மலாய் மொழியில் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். எத்தனை பேர் வருகிறார்கள், எந்தத் தேதி என்பதை மட்டும் கேட்கமாட்டார். ஒருமுறை நான் கொஞ்சம் கோபப்பட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "தன் வீட்டுல நிம்மதி இல்லாதவன்தான் அடுத்தவன் வீட்டைப் பாக்க வருவான், நீ பாத்திரத்தை எண்ணி வையி."

மானேஜர் கேட்ட கேள்வி

தோட்டத்து மானேஜர் நம் ஆள்தான், நன்றாகப் படித்தவர். நாங்கள் தொழிற்சங்கத்துக்கு உளவு பார்க்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். ஆப்பீசுக்குக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதில் சிலருக்கு விருப்பம் உண்டு, பார்த்துவிட்டுப் போகிறவர்களால் லயத்துக்கும் ஏதாவது நன்மை இருக்கவேண்டும் என்று என் கணவர் பொறுமையாக விளக்கினார். மானேஜர் முழுவதும் கேட்டார். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தக் கொசுக்கடியப் பாக்க எவன்லா காசு, டுயிட் எல்லாம் குடுத்து ஏரோப்பிளேன் ஏறி வருவான்?"

முதல் தட்டு

நாலைந்து முறை போன பிறகு பவுனம்மாள் சமைத்துத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. எங்கள் திட்டப்படி முதலில் பால்வெட்டு பார்ப்பது, பிறகு கோயில், கடைசியில் சாப்பாடு. அவரோ வேனிலிருந்து இறங்கியதும் முதலில் சாப்பிடவேண்டும் என்றார். காலை ஒன்பது மணிக்குச் சோறும் கருவாட்டுக் குழம்புமா என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது, சாப்பிட்டவர்கள் மட்டும் லயத்துக்குள் நடக்கலாம், மற்றவர்கள் வேனிலேயே உட்காரலாம் என்றார்.

காரணம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. துரை காலத்திலிருந்து லயத்துக்கு வந்த எந்த அதிகாரியும் லயத்து வீட்டில் கை நனைத்ததில்லை. அளக்க வந்தவன், எண்ண வந்தவன், ஆளை வேலையிலிருந்து நிறுத்த வந்தவன், யாரும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. ஆகவே சாப்பிடுகிறவன் விருந்தாளி, சாப்பிடாதவன் கம்பெனி ஆள். லயம் முழுக்க இதில் ஒரே கருத்து. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணுசாமி தூரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் விருந்தாளிகள் அதைப் பாசம் என்று நினைத்துக் கையசைத்தார்கள். பவுனம்மாள் என்னிடம் சொன்னார்: "நம்ம சோத்துல வாய் வச்சவன் நம்ம வயித்துல அடிக்கமாட்டான், தங்கச்சி."

அதுவரை அவர் என்னைக் கூப்பிட்டுவந்த 'கிராணியம்மா' போய், 'தங்கச்சி' ஆகியிருந்தேன்.

நாடகமா?

சந்தேகம் எங்கள் பக்கத்திலும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஒருவர் முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு, லயத்து வீட்டின் தகரக்கூரை, புகை படிந்த சுவர், வெளியே இருந்த பொதுக் குழாய் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, இவர்கள் உண்மையாகவே இங்கே குடியிருக்கிறார்களா, அல்லது எங்களைப் போன்றவர்களுக்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சில இடங்களில் அப்படி ஏமாந்திருக்கிறாராம்.

என்ன கேட்கிறார் என்று பவுனம்மாள் விடாமல் நச்சரித்தார். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை, சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தால், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "ஆமான்னு சொல்லு தங்கச்சி, எங்க அப்பா காலத்துலேர்ந்து ஆடுறோம், இன்னும் வேசத்தைக் கலைக்க விடமாட்டேங்கிறாங்கன்னு சொல்லு."

மூன்று கால்

ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் இளம்பெண் பறவை பார்க்கிறவள். முதல் நாள் ரவாங் சாலையோரத்தில் ஆசைப்பட்டு டுரியான் பழத்தை அளவில்லாமல் தின்றுவிட்டாள். மறுநாள் காலை பச்சைத்தண்ணீர் உள்ளே போனாலும் வெளியே வரும் நிலை. பவுனம்மாள் நீட்டிய தட்டைக் கும்பிட்டு மறுத்துவிட்டு வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். அதோடு விட்டிருக்கலாம். செம்பருந்து ஒன்று மேலே வட்டமிட்டதைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்து விரித்து, அதன்மேல் தொலைநோக்கியைப் பூட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

சாப்பிடவில்லை. மூன்று கால் வைத்த கருவி. ஒற்றைக் கண். நிலம் அளக்கிறவனுக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? லயமே திரண்டு வந்துவிட்டது. பெண்கள் அவளைச் சுற்றி நிற்க, கண்ணுசாமி முக்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். என் கணவர் கெஞ்சி, அவரையே அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். கண்ணுசாமி நெடுநேரம் பார்த்தார். பருந்தின் அலகு, கண், கழுத்து இறகு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு நொடி குழந்தைச் சிரிப்பு வந்துவிட்டுப் போனது. பிறகு நிமிர்ந்து கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்: "குருவி பாக்குறதுன்னு சொல்றாங்க, ஆனா இவ்வளவு கிட்டத்துல தெரியுதுன்னா எல்லைக்கல்லும் தெரியும்லா."

அதன்பிறகு இரண்டு மாதம் எங்களை லயத்துக்குள் விடவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே விமானம் ஏறினாள் என்று ஓட்டலில் சொன்னார்கள்.

இரண்டாம் முறை சோறு

மறுபடி அனுமதி கிடைத்த பிறகு வந்தவர்களில் ஒருவர் கோலாலம்பூர்க்காரர், தமிழர். எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். குழம்பை உறிஞ்சிவிட்டு, தன் தாயை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லயத்துப் பெண்கள் சொக்கிப்போனார்கள். அவரை எல்லா வீட்டுக்கும் கூட்டிப்போனார்கள், கேட்டதையெல்லாம் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் காதில் ஏதோ நெருடியது. தோட்டத்தில் பிறந்தவன் 'தோட்டம்' என்பான், 'லயம்' என்பான். அவர் எதைக் காட்டினாலும் 'இந்த இடம்' என்றார். இந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிற்குமா, இந்த இடத்திலிருந்து பெரிய ரோடு எவ்வளவு தூரம், மாடுகள் இந்த இடத்தில்தான் கட்டுகிறீர்களா. ஒரு சொல்லை வைத்து மனிதனை எடைபோடாதே என்றார் என் கணவர். பவுனம்மாளிடம் போய், அக்கா, அந்த ஆளிடம் எதுவும் அதிகம் சொல்லாதீர்கள் என்றேன். அவருக்கு என்மேல் வந்த கோபத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்ன மனுசனையா சந்தேகப்படுற, கிராணி வீட்டுப் புத்தி உனக்கும் வந்துடுச்சு பாரு!"

ஆப்பீசில்

கொஞ்ச நாளில், வெட்டுவதற்கு அடையாளமாக ரப்பர் மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள் என்றார்கள் சிலர், வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்கள் சிலர். தோட்டம் கைமாறியது மட்டும் உறுதி. மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும், மாடுகள் அதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று உத்தரவு. பவுனம்மாளின் பசுக்களில் இரண்டு நிறைசினை. சினைமாட்டை வாங்க வந்தவன் அடிமாட்டு விலை கேட்டான். லோரியில் ஏற்றினால் வழியிலேயே கன்று போய்விடும்.

கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று அவர் புது முதலாளியைப் பார்க்க ஆப்பீசுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். மேசைக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார், கலும்பாங்கில் பிறந்தவர். அடையாளம் தெரியாததுபோல் அவர் நடிக்கவில்லை. எழுந்து நின்றார், பவுனம்மாளை உட்காரச் சொன்னார், தேதியை மட்டும் மாற்ற முடியாது என்றார். நாங்கள் வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து அன்பாகச் சொன்னார்: "அக்கா, அந்தக் கருவாட்டுக் குழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது."

கேமராக்காரர்கள்

லயத்துக்கு வந்ததும் பவுனம்மாள் கேட்டார், அடுத்த முறை எப்போது வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள்? தேதியைச் சொன்னேன். அதை ஒரு வாரம் தள்ளிவைத்து, இடிக்க மண்வாரி வண்டி வரும் நாளில் கூட்டிவா, கேமராவெல்லாம் கழுத்தில் தொங்கட்டும் என்றார். என் கணவர் தயங்கினார். வருகிறவர்களை ஏமாற்றக்கூடாது என்பதும் அவருடைய சட்டம். வேன் கிளம்பும் முன்பே ஆறு பேரிடமும் உள்ளதைச் சொன்னார். விருப்பமில்லாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்றார். யாரும் இறங்கவில்லை. ஒரு கிழவர் கூடுதலாக ஒரு படச்சுருள் வாங்கிக்கொண்டார்.

மண்வாரி வண்டியோடு முதலாளி வந்தபோது, மாட்டுக்கொட்டகை வாசலில் ஆறு பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் காரிலிருந்து இறங்கி, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எந்தப் பத்திரிகையோ, எந்தத் தூதரகமோ என்று அவர் கண் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கச் சந்தேகம் எங்களைப் பார்த்தே வந்திருக்கிறது. அன்றுதான் அது முதல்முறையாக வேறு பக்கம் திரும்பியது. வண்டிக்காரனிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பவுனம்மாளைத் தள்ளிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, இவர்களெல்லாம் யார், பேப்பர்காரர்களா என்று கேட்டார். பவுனம்மாள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியலீங்க முதலாளி, சாப்பிட வந்தவங்க."

கன்றுகள் பிறந்து எழுந்து நடக்கும்வரை அந்த லயத்தில் யாரும் கைவைக்கவில்லை. அதற்குமேல் ஒரு நாளும் கிடைக்கவில்லை. ஊரையே நம்பவைக்கப் படாதபாடு பட்ட எங்கள் தொழிலில் லயம் காலியான நாளில் எங்களை நம்பி வேனில் ஏறிய லயத்து ஆள் பவுனம்மாள் ஒருவர்தான். மாடுகளைக் கலும்பாங்கில் ஓர் உறவுக்காரரிடம் விட்டுவிட்டு, ரவாங்கில் மகனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனவர், இரண்டு வருடம் கழித்து அங்கேயே இறந்துபோனார்.