வாத்துக் குஞ்சுகள் தின்ற புண்ணாக்கு

எழுபதுகளின் இறுதியில் மதுரையில் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த நம்பகமான கருவி, அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு. சந்தேகப்படும் புண்ணாக்கை ஒரு பெட்டிக் குஞ்சுகளுக்கும், நல்ல புண்ணாக்கை இன்னொரு பெட்டிக் குஞ்சுகளுக்கும் ஒரு வாரம் போட வேண்டும். பிறகு ஈரலை அறுத்துப் பார்க்க வேண்டும். வாத்தின் ஈரல் லஞ்சம் வாங்காது என்பதால் அரசாங்கம் அதை நம்பியது.

ஓர் ஐப்பசியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். இருந்த மாடுகளை விற்று முட்டைக்கோழிக் கொட்டகை போட்டவர். முட்டையிடத் தொடங்கிய கோழிகள் தலையைத் தொங்கப்போட்டுச் சாக ஆரம்பித்திருந்தன. அவர் கொண்டுவந்த புண்ணாக்கை உடைத்தேன். உள்ளே பச்சைப் பூசணம். மழையில் நனைந்த சரக்கு. கொடுத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார்.

"வெயில்ல காயப்போட்டு, தட்டித்தான் சார் போடுறேன்."

"பூசணம் போகும். விஷம் போகாது. முடிவு தெரியிற வரைக்கும் இதை நிறுத்துங்க. வேற கடையில வாங்கிப் போடுங்க."

மச்சானை விட்டு வேறு கடையில் வாங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே நான் சொன்னதில் பாதியைக் கேட்டார். புண்ணாக்கை நிறுத்தினார், வேறு வாங்கவில்லை. வெறும் சோளமும் தவிடும் போட்டார். புரதம் கிடைக்காத கோழி முட்டையை நிறுத்திவிடும். பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னும். இந்த விஷயத்தில் மனிதர்களைவிட ஒளிவுமறைவு இல்லாத பிராணி.

சோதனை வாரத்தின் நடுவில் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பெட்டிகளிலும் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இதுல நம்ம சரக்கு எது மாப்ள?" என்றார் மச்சான்.

"இடது பக்கம் மச்சான்."

"பாரு, எம்புட்டுத் துடியா இருக்கு! ஆபீசரு நம்ம புண்ணாக்க வச்சு வாத்துக்கு விருந்து போடுறாரு. நீ கோழியப் பட்டினி போடுற. புத்தி இருக்கா மாப்ள?"

"ஈரலை அறுக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் போடாதீங்க," என்றேன்.

"அறுத்தா எதுதான் சார் சாகாது?"

மச்சான் சிரித்தார். கோழிக்காரரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போனதும், ஏங்கிக் கிடந்த கோழிகளுக்குப் புண்ணாக்கை இரண்டு மடங்காகப் போட்டிருக்கிறார்.

முடிவு கேட்க அவர் தனியாக வந்தார். இடது பெட்டியில் பாதிக் குஞ்சுகள் செத்திருந்தன. மீதி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து இழுத்துக்கொண்டு கிடந்தன.

"எங்க கொட்டகையிலயும் இப்படித்தான் சார் கிடந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"கோழி உனக்கு ராசியில்ல மாப்ளங்கிறாரு. மிச்சச் சரக்க கொட்டாம்பட்டிப் பக்கம் ஏத்திவிட்டுட்டாரு."

பிறகு வலது பெட்டியைக் காட்டினார். "அதையாவது எனக்குக் குடுங்க சார். வெறுங் கொட்டகையப் பாக்க முடியல."

"முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அதையும் அறுக்கணும்."

"நல்லதத் தின்னதையுமா?"

"அதையும்தான்."

அவர் போகவில்லை. வலது பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து அறுத்து, ஈரலைத் தட்டில் வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்லா இருக்குல்ல சார்?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லி அடுத்த குஞ்சை எடுத்தேன்.