ஒப்புதல் தரும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்

போன வருடம் கோடை விடுமுறை முடிகிற சமயம். ஓசூருக்குப் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் நடந்தது இது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கட்டிடமே இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே நடக்கும் இணையவழிப் பள்ளிகள் இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டன. அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டும் வீடியோக்களும் கொடுக்கும் பயிற்சித் தாள்களும் அரசுப் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து ஒப்புதல் தர ஒரு குழு போட்டார்கள். அதில் என் பெயரும் வந்தது. எங்கள் பள்ளியில் எனக்கு 'முசுடு' என்று பட்டப்பெயர் உண்டு. அது தெரிந்துதான் யாரோ என்னைக் கோர்த்துவிட்டிருக்க வேண்டும். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

என் பங்குக்கு வந்தது ஓர் இணையப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறிவியல். அதை நடத்துபவர் இளைஞர். முன்பு சிப்காட் தொழிற்பேட்டையில் இன்ஜினியராக இருந்தவர். ஒப்புதல் கிடைத்தால்தான் ஜூனில் ஆறாம் வகுப்பைத் தொடங்க முடியும் என்பதால் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். பாடங்களை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. படம் அழகு, பேசும் பெண்ணின் குரல் அதைவிட அழகு. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

காரணம் என் கணவர். அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். மெஷினில் செட்டிங் மாற்றினால் முதலில் வரும் ஒரே ஒரு பீஸை எடுத்து அளந்து பார்ப்பார்களாம். அது ஓகே ஆகும்வரை உற்பத்தி லைன் ஓடாது. மேனேஜரே வந்து குதித்தாலும் ஓடாது. சாப்பிடும்போதெல்லாம் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அதனால், ஒரு செய்முறைப் பாடத்தையாவது ஒரு பிள்ளை தன் வீட்டில் தனியாகச் செய்வதைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தத் தம்பிக்கு எரிச்சல்.

"புக்ல இருக்கறதத்தானே மேடம் வீடியோவா எடுத்திருக்கோம்? வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்லையே?"

"ரூல்ல இல்லதான் தம்பி. ஃபேக்டரியில இருந்தப்ப முதல் பீஸ் பாக்காம லைன ஓட்டியிருக்கீங்களா?"

அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை. மறுநாள் அவர் காரிலேயே வாய்க்காலோரத்து அந்த வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அந்த வீட்டுப் பெண் ஆறாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அப்பாவுக்கு வேலை ஒரு வருடம் ஓசூர், ஒரு வருடம் அத்திப்பள்ளி என்று கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருந்ததால், பள்ளி மாறி மாறிப் பிள்ளை சலித்துவிட்டாளாம். அம்மா ரோஜாத் தோட்டத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். வந்ததும் வராததுமாக நான் ஒரு கண்டிஷன் போட்டேன். பொண்ணும் ஸ்கிரீனும் மட்டும்தான். மற்ற யாரும் சொல்லித்தரக் கூடாது, வாயையே திறக்கக் கூடாது. வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

பாடம், தண்ணீரை வடிகட்டுவது. பெரியவர்கள் உதவியோடு பக்கத்திலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா காலையிலேயே வாய்க்காலில் மொண்டு வந்து வைத்திருந்தார். அந்த வாய்க்கால் சில நாள் ஆலைக் கழிவு கலந்து நுரை பொங்கிக்கொண்டு வரும். அங்கே மாட்டைத் தண்ணீருக்கு விடுவதற்கே யோசிப்பார்கள். அன்று பாட்டிலிலும் மேலாக நுரை நின்றது. கலங்கலும் நாற்றமும் வேறு.

அந்தப் பெண் என்ன அழகாகச் செய்தாள் தெரியுமா! அடி வெட்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, பஞ்சு, இடித்த கரி, மணல், கூழாங்கல் என்று வரிசை மாறாமல் நிரப்பினாள். வீடியோ சொல்லச் சொல்ல இவள் கை ஓடியது. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். கீழே சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர் இறங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தத் தம்பி என்னைப் பார்த்து, எப்படி என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நானும் மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"சபாஷ்! அழுக்குத் தண்ணீரை நீங்களே தூய்மையாக்கிவிட்டீர்கள்!" என்றது வீடியோ.

அவள் முகமெல்லாம் சிரிப்பு. சமையலறைக்கு ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு வந்தாள். தண்ணீரை அதில் ஊற்றினாள். எங்களுக்குக் காட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனாள்.

எப்படி எழுந்தேன், எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. டம்ளரைத் தட்டிவிட்டேன். என் புடவை, தம்பியின் பேன்ட், தரையெல்லாம் தண்ணீர். அப்புறம்தான் அம்மா "பேட! பேட!" என்று கத்திக்கொண்டு வந்து மகளைக் கட்டிப்பிடித்தார். வேண்டாம், வேண்டாம் என்று.

பிள்ளை வாயில் ஒரு சொட்டும் படவில்லை. ஆனால் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அழ ஆரம்பித்தாள். "அந்த மிஸ்தான் சுத்தமாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்று திரையைக் காட்டினாள். திரையில் அந்த மிஸ் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. படபடப்பு வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நீங்களாவது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

"நீங்கதானே மேடம் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க? கவர்மென்ட்டு டெஸ்ட்டு, நான் பேசிக் கெடுத்து, பொண்ண சேத்துக்க மாட்டேன்னுட்டா என்னா பண்றதுன்னு உசுரக் கையில புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். ஆபத்துன்னா நீங்க உடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, வடிகட்டினால் மண்ணும் தூசியும்தான் போகும், கரைந்திருக்கும் கெமிக்கலும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் போகாது என்று சொல்லிக்கொடுத்தேன். "அப்ப ஏன் அந்த மிஸ் இதச் சொல்லல?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். இதே பாடத்தை நான் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு வாலு, "மிஸ், இதக் குடிக்கலாமா?" என்று கேட்கும். "தொட்டே, கைய உடைச்சிருவேன்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்ட எனக்கு, வீடியோவில் அது இல்லாதது எப்படித் தெரியும்?

சிப்காட் சிக்னலில் கார் நின்றபோது அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார். "செய்முறை அத்தனையும் ஒரு வீட்ல வச்சு ஓட்டிப் பாத்துர்றேன் மேடம். அதுவரைக்கும் நீங்க கையெழுத்துப் போட வேணாம்." செய்தும் காட்டினார். வகுப்பு தொடங்கத் தாமதமானது, சில பெற்றோர் சண்டைக்கும் வந்தார்கள். அவர் அசரவில்லை. எங்கள் குழுவும் செய்முறைப் பாடங்களுக்கு இதையே வழக்கமாக்கிக்கொண்டது. ஆனால் யாரையும் வாயை மூடு என்று சொல்வதில்லை.

என் முசுடுத்தனம் குறைந்துவிடவில்லை, குறைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு பாடத்துக்கு ஒப்புதல் தரப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த டம்ளர் ஒரு பிள்ளையின் உதட்டுக்குப் போவது தெரிகிறது. தட்டிவிட அந்தப் பிள்ளையின் வீட்டில் நான் இருக்கப்போவதில்லை என்று நினைத்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கிறேன்.